மலையின் இருபுறத்து இளையோரும் மோதலின் காயமும்: புதிய தன்னார்வலர்களுக்கு ஒரு வழிகாட்டி

குமுளி, வண்டிப்பெரியாறு, நெடுங்கண்டம் ஒரு பக்கமும் கூடலூர், கம்பம், போடி மறுபக்கமுமாக, இடுக்கி மாவட்டமும் தேனி மாவட்டமும் தொட்டுக்கொள்ளும் மலையோர ஊர்களில், முல்லைப்பெரியாறு அணைச் சச்சரவு போன்றவற்றால் எழுந்த மோதலைக் கண்ணால் கண்ட அல்லது அதன் கதைகளைக் கேட்டே வளர்ந்த இளையோருடன் பணியாற்ற முன்வருகிறவர்களுக்காக இக்கட்டுரையை எழுதுகிறேன். நீங்கள் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருக்கும் கல்லூரி மாணவராக இருக்கலாம். ஊர் நூலகத்தை நடத்துபவராகவோ, ஓய்வுபெற்ற ஆசிரியராகவோ, தோட்டத் தொழிற்சங்கத்தில் இருப்பவராகவோ இருக்கலாம். மனநல மருத்துவப் பயிற்சி இல்லாத ஒருவர் எவற்றைச் செய்யலாம், எவற்றைத் தொடக்கூடாது, எந்த வரிசையில் செய்யவேண்டும் என்பதே இங்கு பேசப்படுவது.

வரிசையை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. அமைதிப் பணி என்ற பெயரில் நடக்கும் பல நிகழ்ச்சிகள், இரு பக்கத்துப் பிள்ளைகளையும் ஒரே மேடையில் ஏற்றிக் கைகுலுக்க வைத்து, படம் எடுத்து, அன்று மாலையே முடிந்துவிடுகின்றன. பயம் தெளியாத ஒருவரை, அவர் யாருக்குப் பயப்படுகிறாரோ அவர்கள் நடுவே கொண்டுபோய் நிறுத்துவது காயத்தைக் கூட்டுமேயொழியக் குறைக்காது. முதலில் பாதுகாப்பும் அன்றாட ஒழுங்கும், பிறகு காதுகொடுத்துக் கேட்டல், பிறகு தம்மவருக்குள் பேச்சு, அதன்பின் மறுபக்கத்தாரோடு கூட்டு வேலை, கடைசியாகவே சச்சரவைப் பற்றிய உரையாடல் என்று போவதுதான் பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

நடந்ததைப் படித்துக்கொள்ளுங்கள்

ஊருக்குள் போவதற்கு முன், கேரளத்தில் அமைந்து தமிழ்நாட்டால் இயக்கப்படும் முல்லைப்பெரியாறு அணையின் வரலாற்றை இரு பக்கத்தாரின் நிலையிலிருந்தும் படித்திருக்கவேண்டும். 1886-இல் திருவிதாங்கூர் அரசுக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரிட்டிஷ் பொறியாளர் ஜான் பென்னிகுவிக்கின் பொறுப்பில் 1895-இல் அணை எழுந்தது. மேற்கே போய்க்கொண்டிருந்த தண்ணீர் சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பி, இன்று தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய 5 மாவட்டங்களுக்குப் பயன்படுகிறது. 1979 ஆகஸ்டில் குஜராத்தில் மச்சு அணை உடைந்து மோர்பி நகரம் அழிந்த செய்தி வந்த ஆண்டிலேயே கேரளத்தில் இந்த அணையைப் பற்றிய அச்சமும் வலுத்தது. நீர்மட்டம் 152 அடியிலிருந்து 136 அடிக்குக் குறைக்கப்பட்டது. அணை பலப்படுத்தப்பட்ட பிறகு, 2006-இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றது. கேரள அரசு அதற்கு எதிராகச் சட்டத்தைத் திருத்தியது. 2014 மே 7 அன்று 5 நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்டத்திருத்தம் செல்லாது என்று கூறி 142 அடியை உறுதிசெய்தது.

இந்த ஆண்டுக்கணக்கு நடுவேதான் 2011 நவம்பரும் டிசம்பரும் வருகின்றன. இடுக்கியில் அடுத்தடுத்து உணரப்பட்ட நில அதிர்வுகளை ஒட்டி அணை உடையும் என்ற அச்சம் மூண்டது. குமுளிச் சாலை அடைபட்டது. ஏலத்தோட்ட வேலைக்குப் போன தமிழ்த் தொழிலாளர்கள் தாக்கப்பட்டார்கள். தோட்டங்களில் குடியிருந்த குடும்பங்கள் பல, காட்டு வழியாகத் தேனிப் பக்கம் இறங்கின. தமிழ்நாட்டுப் பக்கம் மலையாளிகளின் கடைகளும் கேரளப் பதிவெண் கொண்ட வண்டிகளும் தாக்கப்பட்டன. அன்று பத்து வயதில் இருந்தவர்கள் இன்று இருபதுகளின் நடுவில் இருக்கிறார்கள்; சிலர் தாய் தந்தையாகவும் ஆகிவிட்டார்கள். அப்போது பிறக்காத பிள்ளைகளும் அந்தக் கதைகளைக் கேட்டே பள்ளிக்கு வருகிறார்கள்.

இன்னொன்றையும் மனத்தில் கொள்ளுங்கள். அணைக்குக் கீழே வண்டிப்பெரியாற்றில் ஆற்றங்கரையில் வாழ்வோரில் பெருந்தொகையினர் தேயிலைத் தோட்டத் தமிழர்கள். அணை உடைந்தால் என்னாகும் என்று இரவில் நினைத்துப் பார்க்கிற சிறுமியும் தமிழ்ப் பிள்ளைதான். தண்ணீர் வராவிட்டால் அப்பாவின் இருபோக நெல் என்னாகும் என்று கவலைப்படுகிற கம்பம் பள்ளத்தாக்குச் சிறுவனும் தமிழ்ப் பிள்ளைதான். ஆகவே இதைத் தமிழர், மலையாளிகள் என்று இரண்டாக மட்டும் பிரித்துப் பார்த்துத் தொடங்கினால் முதல் நாளிலேயே தவறான இடத்தில் நிற்பீர்கள்.

மாநில எல்லையும் ஒரே பிளவு அன்று. 1989-இல் போடியில் நடந்த சாதிக் கலவரத்தின் நினைவு அந்த ஊர்க் குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. பள்ளி மாணவர் கையில் கட்டும் வண்ணக் கயிறு வரை சாதி இறங்கியிருப்பதை, 2023-இல் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் மீது நடந்த தாக்குதலுக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு தன் அறிக்கையில் எடுத்துக்காட்டியது. கேரளக் காட்டுக்குள் உள்ள கவி என்ற ஊரின் ஏலத்தோட்டங்களில் வாழும் குடும்பங்களோ 1964-இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தை ஒட்டி இலங்கையிலிருந்து வந்தவர்களின் வழிவந்தவர்கள். இடம்பெயர்ந்த துயரம் அங்கே தலைமுறை தாண்டியது. நீங்கள் பணியாற்றும் தெருவில் எந்தக் காயம் இருக்கிறது என்பதை அந்தத் தெருவில் கேட்டே அறியவேண்டும்.

நுழையும் முன் செய்யவேண்டியவை

கட்சிக்கொடி, மதச்சின்னம், ஊடகக்காரர், நன்கொடையாளர் பெயர்ப்பலகை ஆகியவற்றில் எதுவும் உங்களோடு வரக்கூடாது. ஊராட்சித் தலைவர், பள்ளித் தலைமையாசிரியர், தோட்டக் கண்காணி, கேரளப் பெண்கள் குழுவான குடும்பஸ்ரீ அயல்கூட்டத்துச் சேச்சிமார், மகளிர் சுய உதவிக் குழு அக்காமார் ஆகியோரைத் தனித்தனியாகப் போய்ப் பாருங்கள். என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைப் போலவே, எவற்றைச் செய்யமாட்டீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். 18 வயதுக்குட்பட்டவர்கள் வருவதானால் பெற்றோரின் ஒப்புதல் எழுத்தில் வேண்டும். பிள்ளையின் விருப்பமும் தனியாகக் கேட்கப்படவேண்டும். ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மட்டும் கதவடைத்த அறையில் இருக்கும் நிலை எக்காரணத்தாலும் ஏற்படக்கூடாது.

நேரத்தை ஊரின் வேலையை வைத்து முடிவுசெய்யுங்கள். தேனிப் பக்கத்து ஊர்களிலிருந்து ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள் விடியுமுன்பே சோறு கட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறுகிறார்கள். பொழுது சாயும்போதுதான் வீடு திரும்புகிறார்கள். பள்ளிவிட்டதிலிருந்து அம்மா வரும்வரை உள்ள அந்த இடைவெளியில்தான் பல பிள்ளைகள் தனியே இருக்கிறார்கள், அப்போதுதான் அவர்களுக்குத் துணையும் தேவைப்படுகிறது. ஆகவே வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில், அந்த நேரத்தில், ஒரே இடத்தில் கூடுங்கள். மழை பெய்தாலும் இரண்டே பேர் வந்தாலும் கூட்டத்தைத் தள்ளிவைக்காதீர்கள். எதிர்பாராத அதிர்ச்சியால் குலைந்த மனத்துக்கு, எதிர்பார்த்தது எதிர்பார்த்தபடியே நடப்பதுதான் முதல் மருந்து.

பேசவைக்க முயலாதீர்கள்

புதியவர்கள் பெரும்பாலும் இழைக்கும் பிழை, 'மனத்தில் உள்ளதைக் கொட்டிவிட்டால் ஆறிவிடும்' என்று எண்ணி, நடந்ததை விவரமாகச் சொல்லச்சொல்லித் தூண்டுவதாகும். அதிர்ச்சிக்குப் பின் எல்லோரையும் உட்காரவைத்து நடந்ததை மீண்டும் சொல்லவைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. அந்நிறுவனம் வேறு அமைப்புகளுடன் சேர்ந்து 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி மூன்று செயல்களைச் சொல்கிறது: பார்த்தல், கேட்டல், இணைத்தல். யார் பாதுகாப்பின்றி இருக்கிறார், யார் மிகவும் நிலைகுலைந்திருக்கிறார் என்று பார்க்கவேண்டும். அவர் சொல்ல விரும்புவதை மட்டும், குறுக்கிடாமல் கேட்கவேண்டும். உணவு, மருத்துவம், உறவினர், சட்ட உதவி என எது தேவையோ அதனுடன் அவரை இணைக்கவேண்டும்.

முதற்சில வாரங்களுக்குப் பந்து, கேரம், படம் வரைதல், பாடத்தில் உதவி, கூட்டாகச் சமைத்தல் ஆகியவையே போதும். ஒரு பையன் மூலையில் உட்கார்ந்து வேடிக்கை மட்டும் பார்க்கிறான் என்றால், "தம்பி, இப்பச் சொல்லணும்னு ஒண்ணும் இல்ல, சொல்லத் தோணுறப்ப நான் இங்கதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டு, அவனுக்கு எட்டும் தூரத்தில் உங்கள் வேலையைப் பாருங்கள். அவனாகப் பேசத் தொடங்கினால் அறிவுரை சொல்லாதீர்கள். 'எல்லாம் சரியாகிவிடும்' என்று உறுதி கொடுக்காதீர்கள். 'அவர்களும் மனிதர்கள்தானே' என்று அந்த நேரத்தில் சமாதானம் பேசாதீர்கள். நடந்தது அநியாயம் என்பதை முதலில் ஒருவர் ஒப்புக்கொள்ளவேண்டும் என்றே பெரும்பாலான பிள்ளைகள் எதிர்பார்க்கிறார்கள்; அதை ஒப்புக்கொள்ளுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று முழுவாக்கும் தராதீர்கள். அவன் உயிருக்கோ வேறொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால் பெரியவர் ஒருவரிடம் சொல்லவேண்டியிருக்கும் என்பதை அவன் பேசுமுன்பே தெரிவித்துவிடுவது நேர்மை.

மருத்துவரிடம் அனுப்பவேண்டிய நேரம்

தூக்கமின்மை, கெட்ட கனவு, சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுதல், காரணம் தெரியாத வயிற்றுவலி, எரிச்சல், படிப்பில் கவனமின்மை ஆகியவை மோதலுக்குப் பின் இயல்பாக வரக்கூடியவை. பலருக்குச் சில வாரங்களில் தாமாகவே தணிந்துவிடும். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தாலும், பள்ளிக்கோ வேலைக்கோ போகமுடியாமல் ஆனாலும், குடியிலோ போதைப்பொருளிலோ இறங்கினாலும் மருத்துவர் பார்க்கவேண்டும். தற்கொலைப் பேச்சு எழுந்தால் ஒரு நாளும் காத்திருக்கக்கூடாது. அவரைத் தனியே விடவும் கூடாது.

தேனி, இடுக்கி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள், இரு மாவட்டங்களின் மாவட்ட மனநலத் திட்டங்கள் ஆகியவற்றை நீங்களே முன்கூட்டிப் போய்ப் பார்த்து, எந்த நாளில் எந்த மருத்துவர் இருப்பார் என்று குறித்துவையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட, அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலோ மலையாளத்திலோ பேசலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. தாள் ஒன்றில் எண்ணை எழுதிக்கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளாதீர்கள். முதல் முறையாவது கூடவே உட்கார்ந்து அழையுங்கள், கூடவே பேருந்தில் போங்கள்.

வழக்கும் சட்டமும்

கல்லெறிந்ததற்காக வழக்கில் சிக்கிய இளைஞனுக்கு அந்த வழக்கு நிலுவையில் இருக்கும்வரை மனம் ஆறாது. 18 வயது நிரம்பாதவர் மீதான வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்தான் போகவேண்டும். அவருடைய பெயரையோ படத்தையோ வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் தடைசெய்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், இனக்கலவரத்தில் பாதிக்கப்பட்டோர் ஆகியோருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கட்டணமில்லா வழக்கறிஞர் கிடைப்பார். பாலியல் வன்முறை நேர்ந்ததாக ஒரு பிள்ளை சொன்னால் காவல்துறைக்குத் தெரிவிப்பது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி கட்டாயம். அத்தகைய குற்றத்தையும் சாதி வன்கொடுமையையும் ஊர்ப் பேச்சில் முடித்துவைக்க உங்களை நடுவராக அழைப்பார்கள். எக்காரணம் கொண்டும் போகாதீர்கள்.

முதலில் தம்மவருக்குள்

மாதங்கள் சில கடந்து, பிள்ளைகள் தாமாகவே வந்து சேரும் நிலை ஏற்பட்ட பின், ஒரே தரப்பைச் சேர்ந்தவர்களாக இருந்து பேசும் கூட்டங்களைத் தொடங்கலாம். தரையில் பெரிய தாளை விரித்து, அவர்கள் அன்றாடம் நடக்கும் பாதையை வரையச் சொல்லுங்கள்: வீடு, பள்ளி, ஜீப் நிற்கும் இடம், சோதனைச்சாவடி, கடைத்தெரு, தோட்டத்து லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்). பயமின்றி நடக்கும் இடத்துக்கு ஒரு நிறமும் பயப்படும் இடத்துக்கு இன்னொரு நிறமும் கொடுக்கட்டும். இந்த ஒரு படத்திலிருந்தே அடுத்த பல கூட்டங்களுக்கான பேச்சும், உடனே செய்யக்கூடிய வேலையும் கிடைக்கும். சோதனைச்சாவடிக்கு அருகே விளக்கில்லாத வளைவு என்றால் ஊராட்சிக்கு மனு எழுதலாம். தங்கச்சி தனியாகப் போகப் பயப்படும் பாதை என்றால் சேர்ந்து போக ஏற்பாடு செய்யலாம். தன் பயத்துக்கு ஒரு சிறு மாற்றையாவது தன் கையாலேயே செய்துபார்த்த இளையவரே அடுத்த படிக்கு ஆயத்தமாகிறார்.

கோபத்துக்கும் இந்தக் கூட்டத்தில் இடம் வேண்டும். வசைச்சொல், சாதிப்பெயர், இனப்பெயர் சொல்லித் திட்டுதல் ஆகியவை கூடாது என்ற விதியைப் பிள்ளைகளே எழுதிச் சுவரில் ஒட்டட்டும். அந்த விதிக்குள் அவர்கள் எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் பேசலாம். மன்னிக்கவேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த உங்களுக்கு உரிமையில்லை.

இரு பக்கமும் சேரும் வேலை

பகை கொண்ட குழுக்களை வெறுமனே ஒன்றாக உட்காரவைப்பதால் பகை குறைவதில்லை. சம நிலை, பொது இலக்கு, ஒருவரையொருவர் சார்ந்த வேலை, அதிகாரத்தில் உள்ளவர்களின் வெளிப்படையான ஆதரவு ஆகிய நான்கும் இருந்தால்தான் குறையும் என்று அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-இலேயே எழுதினார். இந்த நான்கையும் நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள்.

சம நிலை என்பது எண்ணிக்கையிலிருந்து தொடங்குகிறது. இரு பக்கத்திலிருந்தும் ஒரே அளவில் வரட்டும். ஒரு மாதம் குமுளிப் பக்கம், மறுமாதம் கூடலூர்ப் பக்கம் என்று இடம் மாறட்டும். இரு மொழியிலும் சொல்லப்படாத எதுவும் முடிவாகக் கூடாது. இடுக்கித் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இரண்டு மொழியும் இயல்பாக வரும் என்பதால் அவர்களையே மொழிபெயர்ப்பாளர் ஆக்கிவிடத் தோன்றும். அது அவர்கள் மேல் விழும் பெருஞ்சுமை: இரு பக்கத்துக் கடுஞ்சொல்லும் அவர்கள் வாய் வழியாகப் போகும், இரு பக்கத்துச் சந்தேகமும் அவர்கள் மேலேயே படியும். மொழிபெயர்க்கப் பெரியவர் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையைத் தேர்ந்தெடுப்பதில்தான் உங்கள் திறமை முழுவதும் இருக்கிறது. ஒரு பக்கம் இல்லாமல் மறுபக்கத்தால் முடிக்கமுடியாத வேலையாக அது இருக்கவேண்டும். மழையளவைப் பதிவது இந்த வட்டாரத்துக்கு மிகப் பொருத்தம் என்று கருதுகிறேன். வண்டிப்பெரியாற்றுப் பள்ளியில் ஒரு மழைமானி, கூடலூர்ப் பள்ளியில் ஒரு மழைமானி. தினமும் காலை 8.30 மணிக்கு இரு பக்கத்து மாணவரும் அளந்து ஒரே பதிவேட்டில் சேர்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலைமேல் பெய்யும் மழைதான் ஒருவருக்கு அச்சம், மற்றவருக்கு விளைச்சல். இரண்டு எண்ணும் ஒரே தாளில் வரும்போது, மறுபக்கத்து எண் வராத நாளில் தன் தாள் அரைகுறையாக நிற்பதை ஒவ்வொருவரும் காண்கிறார்.

பேரிடர் முதலுதவிப் பயிற்சியும் நல்ல தொடக்கம். 2018 பெருவெள்ளத்தையும், 2020 ஆகஸ்டில் தோட்டத் தொழிலாளர் லயங்களைப் புதைத்து 70 உயிர்களைக் கொண்டுபோன இடுக்கிப் பெட்டிமுடி நிலச்சரிவையும் அறிந்த பிள்ளைகளுக்கு இதன் தேவையை விளக்கவேண்டியதில்லை. மாநில எல்லை மலையில், பெரியாறு புலிகள் காப்பகப் பகுதியில் உள்ள மங்கலதேவி கண்ணகி கோயிலின் சித்திரா பௌர்ணமி விழா இன்னொரு வாய்ப்பு. ஆண்டில் அந்த ஒரு நாளுக்காக இரு மாவட்ட நிர்வாகங்களும் கூடிப் பேசி ஏற்பாடு செய்கின்றன. இருபுறமிருந்தும் மக்கள் ஏறிவருகிறார்கள். குடிநீர் கொடுக்கவும், புலிகள் காப்பகத்துக்குள் குப்பை சேராமல் பார்க்கவும் கலப்புக் குழுவாக நிற்க முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். நான்காவது நிபந்தனையான அதிகாரிகளின் ஆதரவு அங்கே வெளிப்படையாகவே கிடைக்கும்.

சச்சரவைப் பேசும் முறை

குறைந்தது ஓராண்டாவது சேர்ந்து வேலை செய்தபின் அணையைப் பற்றிப் பேசலாம். சுவரில் 1886 தொடங்கி ஆண்டுகளை எழுதுங்கள். 136, 142, 152 என்ற அடிக்கணக்கு ஒவ்வொன்றும் எதைக் குறிக்கிறது என்பதை எல்லோரும் அறியட்டும். பிறகு கூடலூர்ப் பிள்ளை வண்டிப்பெரியாற்றுப் பிள்ளையின் அச்சத்தைச் சொல்லவேண்டும். 'ஆமாம், நீ சொன்னது சரி' என்று மறுபக்கம் ஒப்புக்கொள்ளும்வரை திருத்தித் திருத்திச் சொல்லவேண்டும். அதன்பின் வண்டிப்பெரியாற்றுப் பிள்ளை, தண்ணீரைப் பற்றிய கூடலூர்ப் பிள்ளையின் கவலையை அதேபோலச் சொல்லட்டும். யார் சரி என்ற தீர்ப்பு அங்கே வேண்டாம். புதிய அணை வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடத்துவது, அரசுகளும் நீதிமன்றமும் சுமக்கும் பொறுப்பைப் பதினாறு வயதுப் பிள்ளையின் தோளில் ஏற்றுவதாகும்.

பதற்ற நாட்களுக்கு முன்னேற்பாடு

தென்மேற்குப் பருவமழை தொடங்கியதிலிருந்து வடகிழக்குப் பருவமழை முடியும்வரை நீர்மட்டச் செய்திகளோடு வதந்தியும் ஏறும். எங்கோ எடுத்த வெள்ளக் காட்சியை இங்கே எடுத்ததாக வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். ஆகவே அமைதியாக இருக்கும் நாட்களிலேயே இளையோர் ஓர் உடன்பாட்டுக்கு வரவேண்டும்: வந்த செய்தி எங்கே, எப்போது எடுக்கப்பட்டது, யார் முதலில் அனுப்பினார் என்பது தெரியாமல் யாரும் மேலனுப்புவதில்லை, சந்தேகம் வந்தால் மறுபக்கத்தில் உள்ள நண்பரை நேரே தொலைபேசியில் அழைத்துக் கேட்பது. பள்ளிப் பதிவேட்டில் உள்ள மழையளவும், நாள்தோறும் அறிவிக்கப்படும் அணை நீர்மட்டமும் கையில் இருக்கும்போது பொய்யை மறுப்பது எளிது.

சாலை அடைபடும் நாளில் யார் என்ன செய்வது என்பதையும் எழுதிவையுங்கள். மலைமேல் வேலைக்குப் போயிருக்கும் பெண்கள் பத்திரமாக இருக்கிறார்களா என்று யார் விசாரிப்பது, அவர்களின் பிள்ளைகள் அன்றிரவு எந்த வீட்டில் தங்குவது, காவல் நிலையத்தில் எந்த எண்ணுக்குச் சொல்வது என்பவை அதில் இருக்கட்டும். இளையோரைக் கூட்டத்தின் நடுவே அனுப்பிச் சமாதானம் பேசவைக்காதீர்கள். அவர்களுடைய பணி செய்தியைச் சரிபார்ப்பதும் வீட்டில் உள்ளவர்களைக் காப்பதும் வரைதான்.

பொறுப்பை ஒப்படைத்தல்

ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவை 2015 டிசம்பர் 9 அன்று நிறைவேற்றிய 2250-ஆம் தீர்மானம், அமைதி பற்றிய முடிவுகளில் 18 முதல் 29 வயது வரையுள்ளோருக்குப் பங்கு வேண்டும் என்கிறது. நம் அளவில் அதன் பொருள், கூட்டத்தை எப்போது எங்கே நடத்துவது என்பதிலிருந்து பணத்தை எப்படிச் செலவிடுவது என்பது வரை இளையோரிடம் படிப்படியாகக் கொடுத்துவிடுவதாகும். உங்களுக்கும் சோர்வு வரும்; கேட்ட துயரம் இரவில் கூடவே வரும். இருவராகவே பணியாற்றுங்கள், மாதம் ஒருமுறையாவது அனுபவமுள்ள ஒருவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள்.

ஊரைவிட்டுப் போவதானால் குறைந்தது இரண்டு மாதம் முன்னதாகப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், அடுத்து வருபவரை நீங்களே அழைத்துவந்து அறிமுகப்படுத்துங்கள். சிகிச்சையில் இருப்பவர்களின் பொறுப்பை அவர்களின் ஒப்புதலோடு மாற்றிக்கொடுங்கள். மழைப் பதிவேடு, கூட்டத் தேதிகள், தொலைபேசிப் பட்டியல், மருத்துவமனைக் குறிப்புகள் ஆகியவை அடுத்தவர் கைக்குப் போகட்டும். பிள்ளைகள் உங்களை நம்பிச் சொன்னவற்றை எழுதிய பக்கங்கள் இருந்தால், அவற்றில் சிகிச்சைக்கோ வழக்குக்கோ தேவைப்படாதவற்றை அழித்துவிட்டுப் போங்கள்.